தினசரி மடக்குக்கத்தி: ஓப்பினலா, விக்டோரினாக்ஸா?

நடைவண்டி:
கிழக்கு லண்டனில் இருக்கிறேன். எப்போதும் பாக்கெட்டில் கிடக்க ஒரு மடக்குக்கத்தி வேண்டும். பார்சல் பிரிக்க, கயிறு அறுக்க, மதியம் ஆப்பிள் நறுக்க, அவ்வளவுதான். ஓப்பினல் 8ஆம் எண், விக்டோரினாக்ஸ் கேடட், இரண்டில் எது?

கரிசல்காடு:
இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஓப்பினல்தான். பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் 1890இல் பிறந்த கத்தி. கழுத்து வளையத்தைத் திருகிவிட்டால் அலகு அசையாது. கேடட் மாதிரிப் பூட்டு இல்லாத கத்தி விரலுக்கு எமன். கார்பன் ஸ்டீலாகவே வாங்குங்கள், பதம் ஏறினால் தக்காளித் தோல்கூட நசுங்காமல் அறுபடும்.

தேம்ஸ்கரை:
கரிசல் அண்ணா, அவர் இருப்பது லண்டன். இங்கே 1988ஆம் ஆண்டுக் குற்றவியல் நீதிச் சட்டப்படி, காரணம் இல்லாமலே வெளியில் எடுத்துப்போகலாம் என்பது மடக்குக்கத்திக்கு மட்டும்தான். அதுவும் வெட்டும் விளிம்பு 3 அங்குலம், அதாவது 7.62 செ.மீ. தாண்டக்கூடாது. பூட்டிக்கொள்ளும் கத்தி அந்தச் சலுகைக்குள் வராது என்று நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஓப்பினல் 8க்கு அலகு 8.5 செ.மீ., போதாக்குறைக்குப் பூட்டும் உண்டு.

கரிசல்காடு:
வேலைக்காக வைத்திருந்தால் விடுவார்களே?

தேம்ஸ்கரை:
வேலை நேரத்தில் சரி. சனிக்கிழமை ராத்திரி ஈஸ்ட் ஹாமில் கொத்துரொட்டி தின்னப் போகும்போது அதே கத்தி பாக்கெட்டில் இருந்தால்? தக்க காரணத்தைக் காட்ட வேண்டியது நம் பொறுப்பு. ‘தற்காப்புக்கு’ என்று மட்டும் வாய்தவறிக்கூடச் சொல்லாதீர்கள், சின்னக் கத்திகூட ஆயுதமாகிவிடும்.

கரிசல்காடு:
சட்டம் கிடக்கட்டும். பிடித்த பிடியில் அலகு மடங்கினால் விரலை யார் தருவார்?

சாணைக்கல்:
பூட்டில்லாத கத்தியில் முதுகு ஸ்பிரிங்தான் அலகை நிறுத்துகிறது. வெட்டும்போது விழும் அழுத்தம் அலகைத் திறக்கும் பக்கமே தள்ளும். மடங்குவது குத்தும்போதும், சிக்கிய அலகை நெம்பும்போதும்தான். பார்சலை யாரப்பா குத்தித் திறக்கிறார்கள்? டேப்பில் நுனியை லேசாக வைத்து இழுத்தால் போதும்.

ஓப்பினலின் இன்னொரு குணத்தைக் கரிசல் சொல்லவே இல்லை. பிடி பீச் மரம். ஈரம் ஏறினால் உப்பி அலகை இறுக்கிக்கொள்ளும். அப்போது பிடியின் பின்முனையை மேசை விளிம்பில் ஒரு தட்டுத் தட்டினால் அலகு கொஞ்சம் வெளியே எட்டிப்பார்க்கும், அதைப் பிடித்து இழுக்க வேண்டும். சவோய்க்காரர்களின் வித்தை அது, அழகுதான். ஆனால் பஸ் நிறுத்தத்தில் எந்த மேசையைத் தேடுவது? கார்பன் அலகில் ஆப்பிள் வெட்டித் துடைக்காமல் மடக்கினால் சாயங்காலத்துக்குள் கருத்துவிடும்.

கரிசல்காடு:
கறுப்பு ஏறினால்தான் அது கத்தி. துடைத்து ஒரு சொட்டு தேங்காயெண்ணெய் தடவ இவர்களுக்கு என்ன கேடு? உங்கள் கேடட் ஒரே வாரத்தில் மழுங்கும்.

சாணைக்கல்:
மென்மையான ஸ்டீல்தான், மறுக்கவில்லை. அதனால்தான் சீக்கிரம் தீட்டவும் வருகிறது.

கரிசல்காடு:
சரி, பூட்டுதானே பிரச்சினை? ஓப்பினல் 5ஆம் எண் வாங்கச் சொல்லுங்கள். அதற்கு வளையமே கிடையாது, அலகும் 6 செ.மீ.தான்.

தேம்ஸ்கரை:
பூட்டில்லாத கத்தி எமன் என்றீர்களே அண்ணா!

கரிசல்காடு:
கத்தி சின்னது, எமனும் சின்னவன். கேடட்டுக்கு இது எவ்வளவோ மேல்.

நடைவண்டி:
கேடட்டே வாங்கிக்கொள்கிறேன். பாட்டில் திறப்பானும் இருக்கிறது, கரிசல் அண்ணா கோபித்துக்கொள்ள வேண்டாம். வீட்டில் சாணைக்கல் இல்லை, அதற்கு என்ன செய்வது?

சாணைக்கல்:
பீங்கான் காப்பிக் கோப்பையைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் மெருகில்லாத சொரசொர வளையம் இருக்கும். அலகைச் சாய்த்து இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி மெதுவாக இழுங்கள். அழுத்தவே வேண்டாம்.