தென்னாப்பிரிக்காவில் மின்சாரக் காரை லீசுக்கு எடுத்தவர்கள் இருக்கிறீர்களா? கையை விட்டுப் போவது எவ்வளவு?

கடல்காற்று, டர்பன்

வணக்கம். அடுத்த வண்டி மின்சாரக் கார்தான் என்று வீட்டில் முடிவாகிவிட்டது. கடனில் வாங்குவதா, லீசுக்கு எடுப்பதா என்பதில்தான் இழுபறி. 5,40,000 ராண்ட் வண்டிக்கு மாதம் 8,850 கட்டினால் போதும் என்கிறது ஷோரூம். லீஸ் கம்பெனி அதே வண்டிக்கு 12,000-க்கு மேல் கேட்கிறது. முதலாவதுதானே மலிவு? ஓட்டிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

மிட்ராண்ட் மணி

அண்ணா, அந்த 8,850-க்குள் பலூன், அதாவது தவணைகள் முடிந்ததும் மொத்தமாகக் கட்ட வேண்டிய தொகை, ஒளிந்திருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். 72 மாதம், 11.5 சதவீத வட்டி, கடைசியில் 30 சதவீதம் பலூன் என்று போட்டுப் பார்த்தேன், கிட்டத்தட்ட அந்தத் தொகைதான் வருகிறது. அதாவது ஆறு வருஷம் கட்டி முடித்த பிறகும் 1,62,000 ராண்டை மொத்தமாக எடுத்து வைக்க வேண்டும். பலூன் இல்லாவிட்டால் மாதம் 10,400 சொச்சம் வரும். கூட்டிக் கழித்தால் பலூன்காரர் ஏறக்குறைய 49,000 கூடுதலாகக் கட்டுகிறார். வங்கியின் மாதச் சேவைக் கட்டணம் 69 ராண்ட், காப்பீடு, டயர் எல்லாம் இதற்கு மேல்.

வண்டியை விற்றுப் பலூனை அடைக்கலாம் என்றால், பெட்ரோல் காராக இருந்தால் ஆறு வருஷம் கழித்து என்ன விலைக்குப் போகும் என்று ஓரளவு ஊகிக்கலாம். மின்சாரக் காரிலோ புது வண்டியின் விலையே ஒரு நிலையில் நிற்கவில்லை. பிஒய்டி என்ற சீனக் கம்பெனியின் டால்பின் கார் 2024-ல் 5,39,900 ராண்டுக்கு வந்தது. அடுத்த வருஷமே அதன் தம்பி டால்பின் சர்ஃப் 3,39,900-க்கு இறங்கிவிட்டது. சின்ன வண்டிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் புதுசு அந்த விலைக்குக் கிடைக்கும்போது பழசுக்கு யார் என்ன தருவார்கள்? இன்னொன்று, ஐரோப்பாவிலிருந்து வரும் மின்சாரக் காருக்கு 25 சதவீதம் சுங்கவரி, பெட்ரோல் காருக்கு 18 சதவீதம். அரசு என்றைக்காவது இந்த வித்தியாசத்தை எடுத்துவிட்டால் புதிதாக வாங்குபவருக்குக் கொண்டாட்டம், பலூனோடு உட்கார்ந்திருப்பவருக்குத் திண்டாட்டம்.

லீசில் அந்தத் தலைவலி கம்பெனியுடையது. நீங்கள் சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிடலாம். கூடுதலாகக் கேட்கும் 3,000 சொச்சத்தில் பராமரிப்பும் காப்பீடும் அடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். அடங்கியிருந்தால் அது அநியாய விலை இல்லை.

பீனிக்ஸ் அக்கா

சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிடலாமா? தம்பி இன்னும் வண்டியைத் திருப்பிக் கொடுக்கவில்லை போல!

நான் போன வருஷம் கொடுத்தேன். பரிசோதகர் கையில் டார்ச்சோடு வந்து, பானெட்டைத் திறந்துகூடப் பார்க்காமல் நேராகச் சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். நடைபாதை ஓரம் உரசிய கோடுகள் ரிம்மில் இருந்தன. ஒவ்வொன்றின் மேலும் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிப் படம் எடுத்தார். பிறகு டயர் பள்ளத்தில் ஒரு சின்ன அளவுகோலைச் செருகினார். இந்த நாட்டுச் சட்டப்படி 1 மில்லிமீட்டர் இருந்தால் போதும், என் ஒப்பந்தத்தில் 3 என்று போட்டிருந்தது. மின்சாரக் கார் கனம், கிளம்பும்போதே இழுக்கும் வேகமும் அதிகம், டயர் சீக்கிரம் தேயும். இரண்டு டயர், இரண்டு ரிம்முக்குப் பணம் பிடித்தார்கள். பேட்டரியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வண்டியை எடுக்கிற அன்றே நாலு சக்கரத்தையும் கிட்டத்தில் படம் பிடித்து, தேதியோடு அவர்களுக்கே மெயில் அனுப்பி வையுங்கள். அப்புறம், வண்டி முழுச் சேதமானாலோ திருடு போனாலோ காப்பீட்டுக் கம்பெனி அன்றைய சந்தை விலையைத்தான் தரும். பாக்கி அதைவிட அதிகமாக இருந்தால் மிச்சத்துக்கு யார் பொறுப்பு என்று எழுத்தில் கேளுங்கள். கடனில் எடுப்பவர்கள் பற்றாக்குறைக் காப்பீடு என்று தனியாக ஒன்று எடுப்பது இதற்காகத்தான்.

லெனேசியா ராஜா

லீசில் மாதம் இத்தனை கிலோமீட்டர்தான் ஓட்டலாம் என்ற வரம்பைப் பற்றி யாரும் பேசவில்லையே? எனக்கு மாதம் 1,500. வேலைக்குப் போய்வர அது தாராளம். ஆனால் மாமனார் வீடு டர்பனில். ஜோகன்னஸ்பர்க் பக்கமிருந்து என்3 நெடுஞ்சாலை வழியாக ஒரு தடவை போய்வந்தால் 1,100-க்கு மேல் போச்சு. வரம்பைத் தாண்டினால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் தனி வசூல். வருஷக் கணக்காகச் சேர்த்துப் பார்க்கிற ஒப்பந்தமா, மாதா மாதம் வெட்டுகிற ஒப்பந்தமா என்று கேட்டு வாங்குங்கள். எனக்கு வருஷக் கணக்கு என்பதால் தீபாவளிப் பயணம் பிழைத்தது.

இன்னொரு விஷயம். டர்பன் கடல் மட்டத்தில் இருக்கிறது, ஜோகன்னஸ்பர்க் 1,700 மீட்டருக்கு மேலே. 1,700 கிலோ வண்டியை அவ்வளவு உயரம் தூக்கவே எட்டு யூனிட் மின்சாரம் போகும், அது ஓடும் செலவுக்கு மேல் தனி. வான் ரீனன் கணவாயில் ஏறும்போது பேட்டரியின் சதவீதம் இறங்குகிற வேகத்தைப் பார்த்தால் வயிறு கலங்கும். ஹாரிஸ்மித்தில் சார்ஜ் போட்டு, டீ குடித்துவிட்டுத்தான் மேலே வருவோம். இறங்கும் திசையில் கதையே வேறு, பிரேக் பிடிக்கப் பிடிக்கக் கொஞ்சம் திரும்பி ஏறும்.

சாட்ஸ்வொர்த் சிவா

வீட்டில் சார்ஜ் போட முடியாதவர்கள் எடுக்கவே கூடாது என்பது என் கட்சி. வீட்டு மின்சாரம் யூனிட்டுக்கு எனக்கு 3 ராண்ட் சொச்சம் வருகிறது. 100 கிலோமீட்டருக்கு 15 யூனிட் என்றால் 50 ராண்டுக்குள் முடிந்தது. சாலையோர வேகச் சார்ஜரில் யூனிட் 7 ராண்டுக்கு மேல், அதே தூரத்துக்கு 105-ஐத் தாண்டும். பெட்ரோல் காரில் 150 ஆகும் என்று வைத்தால், வெளிச் சார்ஜரை நம்பியவருக்கு மிச்சமாவது மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

சுவர் சார்ஜருக்கு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடும்போது வேலை விதிப்படி நடந்திருக்கிறது என்ற இணக்கச் சான்றிதழ் கட்டாயம் வாங்குங்கள், நாளைக்கு ஒன்று நடந்தால் காப்பீட்டுக்காரர் முதலில் கேட்பது அந்தக் காகிதம்தான். எங்கள் வீட்டில் கீசர், அடுப்பு, சார்ஜர் மூன்றும் ஒன்றாக ஓடினால் மெயின் பிரேக்கர் விழும். இரவு பத்து மணிக்கு மேல் சார்ஜ் ஆகும்படி நேரம் வைத்துவிட்டேன். வண்டி லீசுடையது, சார்ஜர் நம்முடையது, வண்டி போனாலும் அது சுவரில் இருக்கும்.

லோட் ஷெடிங்கை, அதாவது முறைவைத்துச் செய்யும் மின்வெட்டைச் சொல்லிப் பயமுறுத்துவார்கள். 2023-ல் பயந்ததில் நியாயம் இருந்தது. 2024 மார்ச் முதல் நிலைமை வேறு, 2025-ல் இடையில் சில நாள் வந்து போனதோடு சரி. அன்றைக்கும் பேட்டரியில் பாதி இருந்தால் ஊருக்குள் ஓடுவதற்குக் கவலையே இல்லை.

கடல்காற்று, டர்பன்

எல்லாருக்கும் நன்றி. ஷோரூமில் கேட்டுவிட்டேன், மணி சொன்னது சரி, பலூன் இருக்கிறது. ஆனால் சிவா சார் ஒரு குண்டைப் போட்டுவிட்டாரே! நாங்கள் இருப்பது அடுக்குமாடி. கார் நிறுத்தும் இடம் நம் பெயரில் இருந்தாலும் சுவரில் ஆணி அடிக்கவே நிர்வாகக் குழு சம்மதிக்க வேண்டும்.

சாட்ஸ்வொர்த் சிவா

அப்படியென்றால் லீசில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் குழுவிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். உங்கள் மீட்டரிலிருந்து தனி இணைப்பு இழுக்க முடியுமா, இல்லை பொது மீட்டருக்குத் துணை மீட்டர் வைப்பார்களா என்பதையும் கேளுங்கள். முடியாது என்றால் இப்போதைக்கு இருக்கிற வண்டியை ஓட்டுங்கள் அண்ணா. ஒரு வருஷம் கழித்து வாங்கினால் விலை இன்னும் இறங்கினாலும் இறங்கியிருக்கும்.