தோட்டத்து மோட்டாரை ராத்திரி யார் போட்டது?

குழு: வீரவநல்லூர் வீடு

முருகேசன், காலை 5:52
ராத்திரி தோட்டத்து மோட்டாரை யார் போட்டது? யாராவது போட்டிருந்தால் சொல்லிவிடுங்கள், சண்டைக்கு வர மாட்டேன். இப்போது போய்ப் பார்த்தால் வாழைக்குள் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கிறது. நேற்று சாயங்காலம்தான் உரம் வைத்து மண் அணைத்தோம், அவ்வளவும் வடிகாலோடு போய்விட்டது.

கோமதி, 5:58
நான் போடவில்லை. பிள்ளைகள் கையில் ராத்திரி போனே இல்லை.

சங்கரன், 6:20
மாப்பிள்ளை, ஸ்டார்ட்டரில் ஆட்டோ சுவிட்சைத் தள்ளி வைத்திருப்பீர்கள். த்ரீ பேஸ் வந்ததும் மோட்டார் தானாக எடுத்திருக்கும். நான் மின்வாரியத்தில் இருந்தபோது இந்த மாதிரிப் புகார் நிறைய வரும்.

முருகேசன், 6:24
இல்லை மச்சான், ஆட்டோவை நான் தொடுவதே இல்லை. போன மாசம் கடைக்காரர் ஒருத்தர் வந்து மாட்டினாரே, போன் அடித்தால் மோட்டார் ஓடுகிற பெட்டி, அதில்தான் இருக்கிறது. அந்தப் பெட்டியே 11:42க்கு மோட்டார் ஆன் என்று எனக்கு மெசேஜ் அனுப்பியிருக்கிறது. தூங்கிவிட்டேன், பார்க்கவில்லை.

செல்வி, 7:05
சித்தப்பா, அந்தப் பெட்டிக்குள் ஒரு சிம் இருக்கும். அந்த நம்பருக்கு நீங்களும் சித்தியும் கூப்பிட்டால் மட்டும்தான் ஓடுமா, யார் கூப்பிட்டாலும் ஓடுமா? மாட்டும்போது உங்கள் நம்பரை அதில் பதிந்து கொடுத்தாரா?

முருகேசன், 7:09
பதிந்த மாதிரித் தெரியவில்லை. இந்த நம்பருக்கு அடித்தால் எடுக்கும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

செல்வி, 7:11
சரி, மோட்டார் பக்கத்தில் போய் நில்லுங்கள். இசக்கி அண்ணே, நீ அந்த நம்பருக்கு இதுவரை கூப்பிட்டதே இல்லையே, பணகுடியில் இருந்து ஒரு தடவை கூப்பிடு.

இசக்கி, 7:30
கூப்பிட்டேன். ஒரே ரிங்கில் எடுத்துவிட்டது.

முருகேசன், 7:31
ஓடுகிறது! அங்கே இருந்து நீ கூப்பிட இங்கே ஓடுகிறது. சிவப்புப் பட்டனை அமுக்கி நிறுத்திவிட்டேன்.

செல்வி, 7:36
அதுதான் விஷயம். கூப்பிடுகிறவர் யார் என்று பெட்டி பார்ப்பதே இல்லை, மணி அடித்தால் போதும். ராத்திரி வந்த மெசேஜில் கீழே ஏதாவது நம்பர் இருக்கிறதா பாருங்கள்.

முருகேசன், 7:40
இருக்கிறது. 971 என்று ஆரம்பிக்கிறது.

இசக்கி, 8:15
அந்த நம்பருக்கு நான் பேசிவிட்டேன் சித்தப்பா. துபாயில் வேலை பார்க்கிற நம்ம ஊர்ப் பக்கத்துப் பையன். பெட்டியில் இருக்கிற சிம் நம்பர் முன்னால் அவனுடைய கூட்டாளி வைத்திருந்த நம்பராம். அங்கே மணி பத்தே கால், வேலை முடிந்து கூட்டாளியிடம் பேசலாம் என்று அடித்திருக்கிறான். எடுத்தும் யாரும் பேசவில்லை என்று வைத்துவிட்டான். பாவம், விஷயத்தைச் சொன்னதும் ரொம்ப வருத்தப்பட்டான்.

சங்கரன், 8:22
அப்படியானால் களவும் இல்லை, சதியும் இல்லை. ராங் கால்தானே, இத்தோடு விடுங்கள்.

செல்வி, 9:40
இல்லை மாமா, எனக்கு இதை விட மனசு வரவில்லை. நான் சென்னையில் பார்க்கிற வேலையே இதுதான், தொழிற்சாலைகளில் இயந்திரங்களை ஓட்டுகிற கட்டுப்பாட்டுப் பெட்டிகளை வெளியாள் தொடாமல் பாதுகாப்பது. பெரிய இடங்களிலும் பல நேரம் கதை சித்தப்பாவின் பெட்டி மாதிரியேதான் இருக்கிறது. 2023 நவம்பரில் அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் அலிக்விப்பா என்ற ஊரில், குடிநீரை மேட்டுக்கு ஏற்றுகிற பம்ப் நிலையத்தில் புகுந்துவிட்டார்கள். அங்கே தண்ணீர் அழுத்தத்தைப் பார்த்துக்கொண்ட பெட்டி இஸ்ரேலில் செய்தது, அதனால்தான் ஈரான் அரசோடு தொடர்புள்ள ஆட்கள் அதைக் குறிவைத்தார்கள். அந்த ரகப் பெட்டிக்குக் கம்பெனி போட்டுக் கொடுத்த பாஸ்வேர்ட் என்ன தெரியுமா, 1111. அதை மாற்றாமல் நேராக இன்டர்நெட்டில் விட்டுவைத்த இடங்களில்தான் புகுந்தார்கள் என்று அமெரிக்க அரசே எச்சரிக்கை விட்டது. நல்லவேளை, ஆட்கள் பெட்டியை நிறுத்திவிட்டுக் கையால் பம்பை ஓட்டினார்கள், ஊருக்குத் தண்ணீர் நிற்கவில்லை.

சித்தப்பா, பெட்டியோடு ஒரு தாள் கொடுத்திருப்பாரே, அதைப் போட்டோ எடுத்து எனக்குத் தனியாக அனுப்புங்கள்.

முருகேசன், 9:52
அனுப்பிவிட்டேன். பாஸ்வேர்ட் 1234 என்று அச்சடித்தே இருக்கிறது. இதே ஆள் கால்வாய்க் கரையில் இன்னும் ஏழெட்டுப் பேருக்கு மாட்டியிருக்கிறார், எல்லோருக்கும் இதே தாள்தான்.

செல்வி, 9:55
அப்படியானால் அந்த ஏழெட்டுப் பேர் கிணறும் இப்போது திறந்துதான் கிடக்கிறது.

இன்னொன்று, மாட்டிவிட்டவரே பிறகு வந்து கெடுத்த கதையும் உண்டு. 2000ஆம் வருஷம் ஆஸ்திரேலியாவில் மரூச்சி என்ற பகுதியில் கழிவுநீர் பம்புகளுக்கு ரேடியோ கட்டுப்பாடு வைத்துக் கொடுத்த கம்பெனியில் இருந்த ஒருவர், வேலையை விட்டபின் உள்ளாட்சியில் வேலை கேட்டார், கிடைக்கவில்லை. காரில் ரேடியோவை வைத்துக்கொண்டு பம்புகளுக்குத் தப்பான உத்தரவு கொடுத்துக்கொண்டே இருந்தார். 8 லட்சம் லிட்டர் சாக்கடை ஆற்றிலும் பூங்காவிலும் ஓடியது. நம்ம கடைக்காரர் அப்படிப்பட்டவர் என்று சொல்லவில்லை. ஆனால் அவர் கையில் சாவி இருக்கிறது, அதை நாம் திருப்பி வாங்கவில்லை.

சங்கரன், 10:30
யம்மா செல்வி, நீ சொல்லச் சொல்ல எனக்குக் கவலையாக இருக்கிறது. கூடங்குளம் நமக்குப் பக்கம், மகேந்திரகிரியில் ராக்கெட் இன்ஜின் சோதிக்கிறார்கள், விஜயநாராயணத்தில் கடற்படை நிலையம். 2019இல் கூடங்குளத்தில் வைரஸ் என்று பேசிக்கொண்டார்களே, அது உண்மையா? அப்போது இங்கே ஆளுக்கொரு கதை சொன்னார்கள்.

செல்வி, 11:10
உண்மைதான் மாமா, ஆனால் உலையில் இல்லை. 2019 அக்டோபர் 29ஆம் தேதி நிலையத்தில் இருந்து வந்த அறிக்கை, எங்கள் கட்டுப்பாட்டு அமைப்பு தனியாக இருக்கிறது, வெளி வலையோடு சேரவே இல்லை என்றது. மறுநாளே அணுமின் கழகம் வைரஸ் வந்தது உண்மை என்று ஒப்புக்கொண்டது. நிர்வாக வேலைக்காக இன்டர்நெட்டில் இருந்த ஒருவருடைய கம்ப்யூட்டரில் அது இருந்தது, செப்டம்பர் 4ஆம் தேதியே செர்ட்-இன் என்ற மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பு சொல்லிவிட்டது, உலையை ஓட்டுகிற உள் வலை அதோடு சேராமல் தனியாக இருக்கிறது என்று விளக்கினார்கள். முதல் நாளே முழுசையும் சொல்லியிருந்தால் ஜனங்கள் இவ்வளவு பயந்திருக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம்.

ஆனால் தனியாக வைத்தால் மட்டும் போதாது. ஈரானில் நத்தான்ஸ் என்ற இடத்து யுரேனிய ஆலையும் இன்டர்நெட்டில் இல்லை. ஸ்டக்ஸ்நெட் என்ற வைரஸ் பென்டிரைவில் ஏறி உள்ளே போனது, 2010இல்தான் உலகத்துக்கே தெரிந்தது. சுற்றுகிற இயந்திரங்களின் வேகத்தைக் கூட்டிக் குறைத்துக் கெடுத்துக்கொண்டே, பார்க்கிறவர்கள் திரையில் எல்லாம் சரியாக ஓடுவதாகக் காட்டியது.

இசக்கி, 11:25
பென்டிரைவ் என்றதும் எனக்குச் சுருக்கென்றது. நாங்கள் காற்றாலைக்குள் ஏறி இறங்கும்போது வெளியில் இருந்து சர்வீஸுக்கு வருகிறவர் லேப்டாப்பை அப்படியே குத்துவார், யாரும் கேட்க மாட்டோம். இனிமேல் கேட்பேன்.

காற்றாலைக்கே ஒரு கதை இருக்கிறது. 2022 பிப்ரவரி 24, ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்த அன்று செயற்கைக்கோள் இன்டர்நெட் ஒன்றைத் தாக்கினார்கள். அந்த மோடம்களை நம்பியிருந்த, ஜெர்மனிக் கம்பெனி ஒன்றின் காற்றாலைகள் 5800 இருக்கும், ஆபீஸில் இருந்து பார்க்கவோ தொடவோ முடியாமல் போனது. ஆனால் காற்றாலைகள் நிற்கவில்லை, உள்ளே இருக்கிற கட்டுப்பாடே பார்த்துக்கொண்டது. ஆடிக் காற்றில் நம்ம பக்கம் அப்படி ஆனால் ஒவ்வொன்றாக ஏறித்தான் பார்க்க வேண்டும், அதற்கு ஆள் எங்கே இருக்கிறது என்றுதான் யோசிக்கிறேன்.

சங்கரன், 11:40
ஆள்தான் முக்கியம். சப்ஸ்டேஷனை இப்படிப் பிடித்திருக்கிறார்களா?

செல்வி, 12:15
பிடித்திருக்கிறார்கள் மாமா, இதைக் கேட்டால் உங்களுக்கு நன்றாகப் புரியும். 2015 டிசம்பர் 23, அதே உக்ரைனில் மூன்று மின் வினியோகக் கம்பெனிகள். பல மாசம் முன்பே மெயிலில் ஒரு வேர்ட் ஃபைல் வந்தது, யாரோ திறந்தார்கள், அந்த வழியாக உள்ளே போய் எந்த பிரேக்கர் எங்கே இருக்கிறது என்று பொறுமையாகப் படித்திருக்கிறார்கள். அன்று சாயங்காலம் கட்டுப்பாட்டு அறையில் ஆள் உட்கார்ந்திருக்கும்போதே மவுஸ் அம்பு தானாக நகர்ந்து போய் ஒவ்வொரு பிரேக்கராகத் திறந்து கரண்டை நிறுத்துகிறது. இவர் மவுஸை இழுத்தால் வரவில்லை. கிட்டத்தட்ட 2.25 லட்சம் இணைப்புகளுக்குக் கரண்ட் போனது. ஜனங்கள் புகார் சொல்ல முடியாதபடி புகார் நம்பருக்கே பொய்க் கால்களாக அடித்து அடைத்தார்கள். சப்ஸ்டேஷனில் உத்தரவைக் கொண்டு போகிற சின்னப் பெட்டிகளுக்குள் இருந்த மென்பொருளையும் அழித்துவிட்டார்கள், அறையில் இருந்து திரும்ப மூடவே முடியாது.

சங்கரன், 12:21
பிறகு எப்படிக் கரண்ட் வந்தது?

செல்வி, 12:23
உங்களை மாதிரி ஆட்கள் வண்டியை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு சப்ஸ்டேஷனாகப் போய்க் கையால் பிரேக்கரை மூடினார்கள். ஆறு மணி நேரத்துக்குள் எல்லோருக்கும் வந்துவிட்டது.

சங்கரன், 12:34
இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். மழைக்காலத்து ராத்திரியில் டார்ச்சோடு போய் ஹேண்டிலைப் போட்டு பிரேக்கரை மூடிய கை இது. வேலை தெரிந்த ஆள் பக்கத்தில் இருந்ததால்தான் அவர்கள் தப்பித்தார்கள். திரையில் பார்க்க மட்டும் பழகிய பிள்ளைகளுக்கு அந்தக் கைப்பழக்கத்தையும் சொல்லிக்கொடுக்க வேண்டும், நான் எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்லித் தருவேன்.

கோமதி, 12:40
அத்தை இவ்வளவையும் என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்டார்கள். அந்தப் பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு முன்னால் மாதிரி நடந்து போய்ப் போடச் சொல் என்கிறார்கள்.

செல்வி, 12:52
ஆச்சியிடம் சொல்லுங்கள் சித்தி, கழற்ற வேண்டாம். நடுராத்திரி த்ரீ பேஸ் வந்தால் சித்தப்பா பாம்பு பூச்சிக்கு நடுவில் வரப்பில் நடந்து போவது எனக்கு இதைவிடப் பயம். பெட்டி இருக்கட்டும், நம்ம பேச்சை மட்டும் கேட்கிற மாதிரி வைப்போம். முதலில் பாஸ்வேர்டை மாற்ற வேண்டும். பிறகு நான்கு நம்பரைப் பதிந்துவிட்டு மற்ற கால் எதையும் எடுக்காதே என்று வைக்க வேண்டும், அதற்கான மெசேஜ் அந்தத் தாளிலேயே இருக்கிறது, தமிழில் எழுதி அனுப்புகிறேன். மாமா, நீங்கள் முடிந்தால் பெட்டி கெட்டாலும் கையால் ஓட்டுகிற மாதிரி தனி சுவிட்ச் ஒன்றும், இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடினால் நிறுத்துகிற டைமரும் வைத்துக் கொடுங்கள். இந்த இரண்டும் போனை நம்பக் கூடாது.

சங்கரன், 12:58
ஞாயிற்றுக்கிழமை காலையில் வருகிறேன். டைமர் என்னிடமே ஒன்று கிடக்கிறது.

முருகேசன், மாலை 4:45
நீ சொன்னபடி எல்லாம் செய்துவிட்டேன் செல்வி. புதுப் பாஸ்வேர்டைக் குழுவில் போடவா, எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டுமே?

செல்வி, 4:46
வேண்டாம் சித்தப்பா! தாளில் எழுதி பீரோவில் வையுங்கள். சித்திக்குத் தெரிந்தால் போதும்.

இசக்கி, 5:02
மூன்று தடவை கூப்பிட்டேன் சித்தப்பா. மணி போய்க்கொண்டே இருக்கிறது.

முருகேசன், 5:04
எடுக்கவில்லை, மோட்டார் அசையவே இல்லை. இப்போது நான் கூப்பிடுகிறேன்.

முருகேசன், 5:06
ஓடுகிறது. சரி, நிறுத்திவிட்டேன். கால்வாய்க் கரைக்காரர்களை ஞாயிற்றுக்கிழமை மச்சான் வரும்போது இங்கேயே வரச் சொல்லியிருக்கிறேன், அந்தத் தாளையும் எடுத்துக்கொண்டு வருவார்கள். இப்போது கடை அடைப்பதற்குள் இரண்டு மூட்டை உரம் வாங்கப் போகிறேன்.