வங்கி ஆப்பும் ஓட வேண்டும், வேவும் பார்க்கக் கூடாது: எந்த ஓஎஸ் போடலாம்?

கடைசிப்பெஞ்சு:

வணக்கம். பேட்டரி ஏன் இப்படிக் கரைகிறது என்று போன மாதம் செட்டிங்ஸைத் துழாவினேன். டார்ச் அடிக்கிற ஆப் என் இருப்பிடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அனுமதி கொடுத்தது நான்தான், என்றைக்கோ அவசரத்தில் தட்டியிருப்பேன். அதிலிருந்து போனை மேசைமேல் கவிழ்த்து வைக்கிற பழக்கம் வந்துவிட்டது.

இப்போதிருக்கும் ஆண்ட்ராய்டுக்கு வயது ஐந்து. பாதுகாப்பு அப்டேட் நின்று ஒரு வருடத்துக்கு மேலாகிறது. போனோடு வந்த ஓஎஸ்ஸை (போனை இயக்கும் அடிப்படை மென்பொருளை) எடுத்துவிட்டுப் போடக்கூடிய ஆண்ட்ராய்டு வகைகளில் கிராஃபீன்ஓஎஸ், கேலிக்ஸ்ஓஎஸ், லினியேஜ்ஓஎஸ், இ-ஓஎஸ் என்று நான்கு பெயர்கள் குறித்து வைத்திருக்கிறேன். எனக்கு வேண்டியவை: இரண்டு வங்கி ஆப், வாட்ஸ்அப், மேப். கறுப்புத் திரையில் கமாண்ட் அடிக்கத் தெரியாது. எதை எடுப்பது?

மறுசுழற்சி:

புது போன் எதற்கு? உங்கள் மாடலுக்கு லினியேஜ் இருந்தால் போட்டுவிடுங்கள். சயனோஜென்மாட் என்ற பழைய ஆண்ட்ராய்டு வகை 2016 கடைசியில் மூடப்பட்டபோது அதிலிருந்து கிளைத்தது. நான் தூக்கி எறிய இருந்த போன் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

திருகாணி:

மேலே சொன்னதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். நானும் இரண்டு வருடம் லினியேஜோடு திரிந்தவன். போனின் ஆயுளை நீட்ட அதைவிட நல்லது இல்லை. ஆனால் பாதுகாப்புக்காகப் போட்டேன் என்று நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தது தப்பு. பெரும்பாலான போன்களில் லினியேஜ் போட்டபின் பூட்லோடரை, அதாவது போன் ஆன் ஆகும்போது ஓஎஸ்ஸை ஏற்றிவிடும் வாசல்காரனை, திரும்பப் பூட்ட முடியாது. அதாவது போன் ஒருவர் கையில் கொஞ்ச நேரம் சிக்கினால், சிஸ்டத்தையே மாற்றி வைத்துவிட்டு நீட்டலாம், உங்களுக்குத் தெரியாது. இன்னொன்று: லினியேஜ் ஆண்ட்ராய்டைப் புதுப்பிக்கும். மோடம், சிப் ஆகியவற்றுக்குள்ளேயே ஓடும் மென்பொருளை (ஃபர்ம்வேர்) போன் கம்பெனிதான் புதுப்பிக்க வேண்டும். கம்பெனி கைவிட்ட போனில் அந்த ஓட்டைகள் அப்படியே கிடக்கும். மேல்மாடிக்கு வெள்ளையடித்துவிட்டு அஸ்திவாரத்தை மறந்த கதை.

உங்கள் பட்டியலில் கேலிக்ஸை இப்போதைக்கு அடித்துவிடலாம். 2025 ஆகஸ்டில் வெளியீடுகளை நிறுத்திவைப்பதாக அவர்களே அறிவித்தார்கள், மறுபடி தொடங்கிவிட்டார்களா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இ-ஓஎஸ், மாண்ட்ரேக் லினக்ஸை உருவாக்கிய கேல் டுவால் தொடங்கியது. லினியேஜின் மேல் கட்டியது, நிறைய மாடல்களில் ஓடும், கூகுள் சர்வீஸுக்குப் பதில் அதன் வேலையைச் செய்யும் மைக்ரோஜி என்ற திறந்த மென்பொருள் இருக்கும், ஆப்புகளுக்குள் ஒளிந்து நம்மைப் பின்தொடரும் டிராக்கர்களைத் தடுக்கும் வசதியும் உண்டு. விளம்பரக்காரர்களிடமிருந்து ஒதுங்கினால் போதும் என்றால் இது போதும். ஆனால் பாதுகாப்பு அப்டேட் மாடலுக்கு மாடல் பின்தங்கும், அதைப் பார்த்து வாங்குங்கள்.

நான் இப்போது வைத்திருப்பது கிராஃபீன். இன்று அது ஓடுவது கூகுளே விற்கும் பிக்சல் போனில். சிரிக்க வேண்டாம், நானும் சிரித்தேன். வேறு ஓஎஸ் போட்ட பிறகும் அந்த ஓஎஸ்ஸின் சாவியைக் கொண்டே பூட்லோடரைத் திரும்பப் பூட்டிக்கொள்ள பிக்சல் விடுகிறது, காரணம் அதுதான். பிக்சல் 8 முதல் ஏழு வருட அப்டேட் உண்டு. ஆனால் அந்தக் கணக்கு மாடல் வெளிவந்த நாளிலிருந்து, நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல. 2023இல் வந்த பிக்சல் 8ஐ எப்போது வாங்கினாலும் 2030 வரைதான்.

அன்றாடம் எனக்குப் பிடித்தது பெரிய பாதுகாப்புச் சமாச்சாரம் எதுவும் இல்லை. ஒவ்வொரு ஆப்புக்கும் இன்டர்நெட் அனுமதியையே தனியாகப் பிடுங்கலாம். என் கீபோர்டுக்கும் கேலரிக்கும் நெட் கிடையாது. வாட்ஸ்அப் கான்டாக்ட் எல்லாம் கேட்கும் இல்லையா? கான்டாக்ட் ஸ்கோப்ஸ் என்று ஒன்று உண்டு. நான் ஆறு பேரை மட்டும் காட்டியிருக்கிறேன். எல்லாம் கிடைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு அது பாட்டுக்கு ஓடுகிறது. 18 மணி நேரம் போனைத் திறக்காவிட்டால் தானே ரீஸ்டார்ட் ஆகி, உள்ளே இருப்பதெல்லாம் மறுபடி பூட்டுக்குள் போய்விடும்.

கூகுள் பிளேயும் போட்டுக்கொள்ளலாம், ஆனால் அது மற்ற ஆப்புகளைப் போல அனுமதி கேட்டுத்தான் வாழ வேண்டும். உங்களுக்கு அது தேவைப்படும், இல்லாவிட்டால் பல ஆப்புகளின் நோட்டிஃபிகேஷன் நேரத்துக்கு வராது.

இனி வங்கி. இங்கேதான் எனக்கு மூக்குடைந்தது. சில ஆப்புகள் பிளே இன்டெக்ரிட்டி என்ற சோதனை மூலம், போனில் இருப்பது கூகுள் சான்றளித்த ஓஎஸ்ஸா என்று கேட்கும். இல்லை என்று பதில் வந்தால் திறக்காது, உங்கள் போன் எவ்வளவு பத்திரமாக இருந்தாலும் சரி. என் மூன்று வங்கிகளில் இரண்டு ஓடின. மூன்றாவது ஆறு மாதம் ஓடியது, ஒரு அப்டேட்டுக்குப் பிறகு கையை விரித்துவிட்டது. போனைக் கடைக்காரரிடமிருந்து வாங்குவதற்கு முன் உங்கள் இரண்டு ஆப்புகளின் பெயரோடு கிராஃபீனையும் சேர்த்துத் தேடிப் பாருங்கள். கூகுளின் தட்டிப் பணம் கட்டும் வசதி அதில் வேலை செய்யாது, அது உறுதி.

எந்த ஓஎஸ் போட்டாலும் சிம் கம்பெனிக்கு நீங்கள் எந்த டவரடியில் நிற்கிறீர்கள் என்பது தெரியும். அதை மாற்ற நம்மால் ஆகாது.

அரைத்தூக்கம்:

இவ்வளவு பாடு எதற்கு? ஐபோன் வாங்கி ஐகிளவுடில் அட்வான்ஸ்டு டேட்டா புரொடெக்‌ஷனை (அங்கே உள்ளதில் பெரும்பாலானதை ஆப்பிளே படிக்க முடியாதபடி பூட்டும் வசதி) ஆன் செய்தால் முடிந்தது. வங்கி ஆப் தகராறும் இல்லை.

திருகாணி:

தப்பில்லை. பூட்லோடர் என்ற சொல்லே தலைவலி தருகிறவர்களுக்கு நானும் அதைத்தான் சொல்வேன், அந்த வசதி உங்கள் நாட்டில் கிடைக்கிறதா என்று மட்டும் முதலில் பாருங்கள். கூகுளை விட்டு ஆப்பிளிடம் போகிறோம் என்பது தெரிந்து போனால் சரி.

கடைசிப்பெஞ்சு:

நன்றி திருகாணி. பழைய பிக்சல் 8 ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். வாங்கும்போது என்ன கவனிக்க வேண்டும்?

திருகாணி:

பணம் கொடுப்பதற்கு முன், போனை நெட்டில் இணைத்து, செட்டிங்ஸில் ஒளிந்திருக்கும் டெவலப்பர் ஆப்ஷன்ஸில், பூட்லோடரைத் திறக்க அனுமதிக்கும் ஓஇஎம் அன்லாக்கிங் என்ற பட்டனைத் தட்டிப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் அசையாமல் கிடந்தால் போனைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சில சிம் கம்பெனிகள் விற்கும் பிக்சலில் அது நிரந்தரமாகப் பூட்டியிருக்கும். எனக்கு முதலில் விற்றவர் இதைச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த போன் இப்போது என் அலாரம்.

கமாண்ட் பயம் வேண்டாம். கம்ப்யூட்டரில் குரோம் வகை பிரவுசரில் கிராஃபீன் தளத்தைத் திறந்து, கேபிளால் போனை இணைத்து, பட்டன்களை வரிசையாகத் தட்டினால் போதும். ஃபயர்பாக்ஸில் நடக்காது. நல்ல கேபிளாக எடுங்கள், எனக்கு முதல் மூன்று தடவை தோற்றதற்குக் கேபிள்தான் காரணம். பூட்லோடரைத் திறக்கும்போதும் பூட்டும்போதும் போனில் உள்ளதெல்லாம் அழியும். கடைசியில் பூட்லோடரைப் பூட்ட மறக்காதீர்கள், மறந்தால் மேலே லினியேஜைப் பற்றி நான் சொன்னதெல்லாம் உங்களுக்கும் பொருந்தும். பிறகு ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் வேறு ஓஎஸ் இருக்கிறது என்று மஞ்சள் எச்சரிக்கை வரும். பயப்படாதீர்கள், அது அப்படித்தான்.

கடைசிப்பெஞ்சு:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். போட்டாயிற்று, பூட்டியும் ஆயிற்று. ஒரு வங்கி ஆப் ஓடுகிறது. இன்னொன்று திறக்க மறுக்கிறது, அதை பிரவுசரில் பார்த்துக்கொள்கிறேன். டார்ச் திரையை மேலிருந்து கீழே இழுத்தாலே வரும் பட்டனில் இருக்கிறது. பழைய போனிலும் அங்கேதான் இருந்திருக்கிறது.