முக்காட்டு ஊசியும் முண்ணாண் ஸ்கேனும்

எனக்கு முதலில் பிழை காட்டியது இடது கால். மருதமுனையில் எங்கள் வீட்டுத் தறியில் சாரன் நெய்துகொண்டிருந்தேன். கால் மிதிகட்டையில் இருக்கிறதா இல்லையா என்று குனிந்து பார்த்தால்தான் தெரிந்தது. செருப்பு கழன்றதும் தெரியவில்லை; வாசலில் கிடந்ததை மகள்தான் எடுத்து வந்தாள். அதோடு நெஞ்சுக்குக் கீழே சுற்றிவர யாரோ சீலையால் இறுக்கிக் கட்டியது போல ஒரு பிடிப்பு. வாயு என்றார் உம்மா. இஞ்சியும் உள்ளியும் அவித்துக் குடித்ததில் இரண்டு கிழமை போய்விட்டது.

பயம் வந்தது தொழுகையில்தான். தலையைக் குனிந்து நாடி நெஞ்சில் பட்டதும் பிடரியிலிருந்து இடுப்பு வரைக்கும் கரண்ட் அடித்த மாதிரி ஓர் ஓட்டம். நிமிர்ந்தால் இல்லை. அன்றைக்கே மச்சானிடம் சொன்னேன்.

எம்.ஆர்.ஐ. எடுக்கிற இடத்தில் வளையல், தோடு எல்லாம் கழற்றிய பிறகும் விடவில்லை. "முக்காட்டில ஊசி இருக்கா?" என்று கேட்டார் அந்தத் தங்கச்சி. ஒன்று, இரண்டு என்று ஐந்து ஊசி வந்தது. எனக்கே வெட்கமாகிவிட்டது. காந்தம் அவ்வளவு பலமானதாம், சின்ன ஊசியும் பறந்துவிடும் என்றார். கையில் அமுக்குவதற்கு ஒரு ரப்பர் பந்து, காதுக்கு மூடி. உள்ளே போனதும் தடதடவென்று சத்தம். மற்றவர்கள் அதற்குத்தான் பயப்படுகிறார்கள். எனக்கோ பக்கத்து வீட்டுத் தறி ஓடுவது போலத்தான் கேட்டது, தாளம் தெரியாத ஒருவர் நெய்தால் எப்படி இருக்குமோ அப்படி. நடுவில் வெளியே இழுத்து மருந்து ஏற்றினார்கள், கை சில்லென்றது. முக்கால் மணித்தியாலம் இருக்கும்.

றிப்போட் வந்தது. கிளினிக்குக்கு இன்னும் ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளில் நான் செய்த பெரிய பிழை, தம்பி மகனிடம் அதை வாசிக்கக் கொடுத்தது. அவன் ஒவ்வொரு சொல்லாக போனில் தட்டித் தட்டிப் பார்த்தான், பிறகு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டான். அவன் கவிழ்த்து வைத்த விதத்திலேயே எனக்கு உயிர் போய்விட்டது. மறுகா ஒரு நாளும் சரியாகத் தூங்கவில்லை. சக்கர நாற்காலி எங்கள் வாசல்படியில் ஏறுமா என்றுகூட அளந்து பார்த்தேன்.

கிளினிக் நாளில் சுபஹு தொழுததும் மட்டக்களப்புக்கு பஸ் ஏறினோம். களுவாஞ்சிகுடி, ஆரையம்பதி, காத்தான்குடி எல்லாம் கண்ணில் பட்டதே ஒழிய மனதில் ஒன்றும் ஏறவில்லை. கல்லடிப் பாலத்தில் மட்டும் வாவிக்காற்று முகத்தில் அடித்தது. கிளினிக்கில் பக்கத்துக் கதிரையில் களுதாவளை ஆச்சி ஒருவர், மகனோடு வந்திருந்தார். "ஆருக்கு மகள் காட்ட வந்திருக்கீங்க?" என்றார். எனக்குத்தான் என்றேன். படக் கவரை நான் நெஞ்சோடு அணைத்திருந்ததைப் பார்த்துவிட்டு, "அத மடியில வைங்க மகள். அவங்க முதல்ல காலத்தான் பார்ப்பாங்க" என்றார். நான் நம்பவில்லை.

ஆச்சி சொன்னதுதான் நடந்தது. டொக்டர் படத்தைத் தொடவே இல்லை. முழங்காலில் சுத்தியலால் தட்டினார். இடது கால் துள்ளியது. உள்ளங்காலில் கீறினார், பெருவிரல் மேலே போனது. இசைக்கவையை அதிரவைத்துக் கணுக்கால் எலும்பில் வைத்து, அதிர்வு தெரிகிறதா என்றார். இடதில் தெரியவில்லை. குனியச் சொன்னார். கரண்ட் அடித்தது. அதற்கு லெர்மிட் என்ற பிரெஞ்சு மருத்துவரின் பெயர் வைத்திருக்கிறார்களாம்.

அதற்குப் பிறகுதான் படம். முண்ணாண் என்றால் முள்ளந்தண்டுக்குள்ளே ஓடுகிற நரம்புத் தண்டு. அதில் கழுத்துப் பக்கம் வெள்ளையாக ஒரு திட்டு. நரம்பைச் சுற்றியுள்ள மயலின் உறை அந்த இடத்தில் தேய்ந்திருக்கிறது என்றார். மூளைப் படத்தில் ஒன்றும் இல்லை. "எம்.எஸ்.தானா டொக்டர்?" என்று மச்சான் கேட்டார். இந்த உறை பல இடத்தில், திரும்பத் திரும்பத் தேய்கிற வருத்தத்தைத்தான் எம்.எஸ். என்கிறார்கள். "இப்ப அப்படிச் சொல்ல ஏலாது. ஓர் இடத்தில, ஒரு தடவை வந்திருக்கு. இது திரும்ப வராமலே போறவங்களும் இருக்காங்க" என்றார். பி12 குறைந்தாலும் இப்படிக் காட்டலாம் என்று இரத்தமும் எடுக்கச் சொன்னார்.

முதுகில் தண்ணி எடுக்க வேணும் என்றதும் நான் அழுதேவிட்டேன். எடுத்தால் கால் விளங்காமல் போகும் என்று எங்கள் பக்கம் ஒரு கதை இருக்கிறது. அவர் ஒரு முள்ளந்தண்டுப் படத்தைக் காட்டினார். பெரியவர்களுக்கு முண்ணாண் இடுப்பின் முதலாம், இரண்டாம் என்பு அளவில் முடிந்துவிடும், ஊசி போவது அதற்கும் கீழே. இதை முதலே யாராவது சொல்லியிருக்கக் கூடாதா?

ஐந்து நாள் வாட்டில் ஸ்டீரொய்ட் ஏற்றினார்கள், நாளுக்கு ஆயிரம் மில்லிகிராம். தூக்கம் போனது, முகம் சிவந்தது, பசி மட்டும் குறையவில்லை. இப்போது செருப்பு கழன்றால் தெரிகிறது. பிடிப்பு பாதிக்கு மேல் விட்டிருக்கிறது. கரண்ட் இடைக்கிடை வரும்.

ஆறு மாதத்தில் திரும்ப ஸ்கேனுக்குத் துண்டு தந்திருக்கிறார்கள். றிப்போட் வந்தால் தம்பி மகன் கண்ணில் காட்ட மாட்டேன். ஊசி குத்தாமல் கட்டுகிற முக்காடு ஒன்றை ராத்தா இப்போதே தைத்து வைத்திருக்கிறார்.