சர்க்கரை, நெஞ்செரிச்சல் இரண்டும் இருந்தால் எடை குறைப்புக்கு இரைப்பை ஸ்லீவா, பைபாஸா?

நீலக்கடல்:
வணக்கம். அக்காவுக்கு வயது 44, பிஎம்ஐ 38. சர்க்கரை வந்து 6 வருடம். மாத்திரையோடு இரவில் இன்சுலினும் உண்டு. படுத்தாலே புளித்துக்கொண்டு மேலே வருகிறது, தினமும் அமில மாத்திரை வேண்டியிருக்கிறது. எடை குறைப்பு ஆபரேஷன் செய்யலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஸ்லீவ் என்றால் குடலில் கை வைக்க மாட்டார்கள், அதுவே போதும் என்று வீட்டில் பேச்சு. சரியா? முன்னும் பின்னும் எதைக் கோட்டை விடக் கூடாது?

தையல்ஊசி:
நீங்கள் சொன்னதில் முடிவைத் தீர்மானிப்பது அந்தப் புளித்த ஏப்பம்தான்.

ஸ்லீவில் வாய் வழியாக 12–13 மி.மீ. தடிமனுள்ள ஒரு குழாயை இரைப்பைக்குள் இறக்கி, அதை அளவாக வைத்து ஸ்டேப்ளர் ஓட்டுவார்கள். வெளி வளைவுப் பக்கம் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுக்கப்பட்டு, ஒரு குறுகிய குழல் மட்டும் மிஞ்சும். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் சுரக்கும் மேல்பகுதியும் அதோடு போய்விடுவதால் பசி அடங்குகிறது. ஆனால் குழலின் அடிவாசலில் இருக்கும் வால்வு அப்படியே இருக்கிறது. இடம் குறைந்து உள்ளழுத்தம் கூடும்போது அமிலம் மேல்பக்கமாகத்தான் தள்ளப்படும். ஏற்கெனவே எதுக்களிப்பவர்களுக்கு இது முற்றலாம்.

பைபாஸில் உணவுக்குழாயை ஒட்டி சுமார் 30 மி.லி. கொள்ளும் சின்னப் பை ஒன்றை அமைத்து, அதில் சிறுகுடலை நேராக இணைக்கிறார்கள். மீதி இரைப்பை உள்ளேயே இருக்கும், உணவு மட்டும் அந்த வழியே போகாது. பித்தமும் கணைய நீரும் 100–150 செ.மீ. கீழேதான் வந்து கலக்கும். பையில் அமிலம் குறைவு, பித்தம் மேலேறி வருவதும் அரிது. நெஞ்செரிச்சலுக்கு இதுவே சிகிச்சை என்று சொல்லலாம்.

சர்க்கரையைப் பொறுத்தவரை இரண்டுக்கும் இடைவெளி பெரிதில்லை. ஆபரேஷனையும் மருந்தையும் ஒப்பிட்ட ஸ்டாம்பீட் ஆய்வின் 2017-இல் வெளியான 5 ஆண்டு முடிவில் எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரை) 6%-க்குள் இருந்தவர்கள் பைபாஸில் 29%, ஸ்லீவில் 23%, மருந்து மட்டும் எடுத்தவர்களில் 5%. ஆக, "சர்க்கரை அடியோடு போய்விடும்" என்று யாரும் உறுதி கொடுக்கக் கூடாது. நோய் வந்து எத்தனை ஆண்டு, இன்சுலின் தேவைப்படுகிறதா, கணையத்தில் எவ்வளவு சக்தி மிச்சம் என்பதைப் பொறுத்தது. கணையம் இன்னும் எவ்வளவு இன்சுலின் சுரக்கிறது என்று காட்டும் சி-பெப்டைட் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். எண்டோஸ்கோப்பி பார்க்காமல் எந்த ஆபரேஷன் என்று முடிவெடுக்க வேண்டாம்.

மருந்துப்பெட்டி:
ஆபரேஷனுக்கு முந்தைய 2 வாரத்தை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தினம் 800–1000 கலோரி உணவு கொடுப்பது கல்லீரலைச் சுருக்குவதற்காக. பெருத்த கல்லீரல் இரைப்பையை மறைத்துக்கொண்டால் கேமராவில் இடம் தெரியாது. அந்த நாட்களில் பழைய அளவிலேயே இன்சுலின் போட்டால் சர்க்கரை தடாலென்று இறங்கும். அளவை எவ்வளவு குறைப்பது, கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரைகளை எப்போது நிறுத்துவது என்று முதல் நாளே எழுதி வாங்குங்கள்.

சர்க்கரை மாத்திரைப் பட்டையில் டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் குறைந்தது 3 நாள் முன்பே நிறுத்த வேண்டும். பட்டினியோடு இது சேர்ந்தால் ரத்தத்தில் கீட்டோ அமிலம் ஏறும், ஆனால் சர்க்கரை அளவு ஏறக்குறைய சாதாரணமாகவே காட்டும். அதனால்தான் கண்டுபிடிக்கத் தாமதமாகிறது.

பைபாஸுக்குப் பின் இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் வேண்டவே வேண்டாம். பையும் குடலும் சேரும் இணைப்பில் புண் வரும். புகையும் அதே வேலையைச் செய்யும்.

பசுங்கிளி:
முதல் வாரங்களில் நீர்ச்சத்து குறைவதுதான் அடிக்கடி வரும் தொல்லை. 30 மி.லி. கொள்ளும் மருந்து மூடியில் ஊற்றி, அதை 15 நிமிடத்துக்கு உறிஞ்சி உறிஞ்சிக் குடிக்க வேண்டும். மடமடவென்று குடித்தால் நெஞ்சில் அடைக்கும். நாளடைவில் ஒன்றரை லிட்டரைத் தொட வேண்டும். தெளிந்த திரவம், கெட்டித் திரவம், மசித்தது, மென்மையானது, பிறகுதான் வழக்கமான சாப்பாடு. சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது, அரை மணி நேரம் பொறுக்க வேண்டும். புரதம் தினம் 60–80 கிராம். தட்டில் முதலில் அதைத்தான் முடிக்க வேண்டும்.

சத்து மாத்திரைகள் வாழ்நாள் முழுக்க. கால்சியம் சிட்ரேட் 1200–1500 மி.கி., ஒரு வேளைக்கு 500–600-க்கு மேல் போகாமல் பிரித்து. இரும்புச் சத்து 45–60 மி.கி., கால்சியத்திலிருந்து 2 மணி நேரம் தள்ளி. சேர்த்து விழுங்கினால் இரும்பு உடம்பில் ஒட்டாது. பி12 வாயில் தினம் 350–1000 மைக்ரோகிராம், அல்லது ஊசி. வைட்டமின் டி 3000 யூனிட்டில் தொடங்கி ரத்த அளவைப் பார்த்து. எடை இறங்கியது, உடம்பு நன்றாக இருக்கிறது என்று இரண்டாம் ஆண்டில் பலர் நிறுத்திவிடுகிறார்கள். பி12 கையிருப்பு மெல்லத்தான் தீரும். கால் மரத்துப் போகும்போது நரம்பு பாதிக்கப்பட்டிருக்கும்.

அக்காவுக்கு மாதவிடாய் நிற்கவில்லை என்றால் இன்னொன்று: எடை குறைந்ததும் கருத்தரிக்கும் வாய்ப்பு கூடும். 12–18 மாதம் தள்ளிப்போடச் சொல்வார்கள். பைபாஸுக்குப் பின் கருத்தடை மாத்திரையை மட்டும் நம்ப முடியாது.

நீலக்கடல்:
மிக்க நன்றி. வாந்தி வருவது சகஜம் என்கிறார்களே, எப்போது பயப்பட வேண்டும்?

தையல்ஊசி:
வேகமாகச் சாப்பிட்டு ஒரு தடவை வந்தால் சகஜம். நாள்தோறும் வந்தால் காத்திருக்காதீர்கள். தையமின் (வைட்டமின் பி1) சத்து 2–3 வாரத்திலேயே வற்றிவிடும். பார்வை இரட்டையாகும், நடை தள்ளாடும், குழப்பம் வரும். அவசரப் பிரிவில் குளுக்கோஸ் ஏற்றும் முன் தையமின் ஊசி போட வேண்டும் என்று நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள்.

முதல் சில வாரங்களில் நாடித்துடிப்பு 120-ஐத் தாண்டி இறங்காமல் இருந்தால் தையல் கசிவு என்றே சந்தேகிக்க வேண்டும். காய்ச்சலோ வயிற்று வலியோ இல்லாவிட்டாலும் அன்றே மருத்துவமனைக்குப் போகவும்.

பைபாஸ் செய்து ஒரு வருடம் கழித்தும், சாப்பிட்டதும் விட்டுவிட்டு மேல்வயிறு முறுக்கினால் குடலை மாற்றி இணைத்ததில் உள்ளே உண்டான இடைவெளியில் குடல் நுழைந்திருக்கலாம். வலி இல்லாத நேரத்தில் எடுத்த சிடி ஸ்கேனில் கோளாறு எதுவும் தெரியாமல் போகலாம். அதை நம்பி வீட்டுக்கு வந்துவிடாமல், பைபாஸ் செய்த அறுவை மருத்துவரிடமே காட்டுங்கள்.