இரவு இரண்டு மணிக்கு விழித்திருந்தவர்கள்: அனுபவப் பகிர்வு

செந்தூல், கோலாலம்பூரிலிருந்து

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. வலப்பக்கம் முழுவதும் செயலிழந்த நிலையில் அவரை வீட்டுக்கு அழைத்து வந்த நாளில், இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் படுக்கைப் புண் வந்துவிடும் என்று தாதி சொல்லி அனுப்பினார். அந்த ஒரு வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, கைப்பேசியில் பத்து, பன்னிரண்டு, இரண்டு, நான்கு என்று மணி வைத்தேன். ஏறத்தாழ பதினான்கு மாதங்கள் நான் ஓர் இரவுகூட முழுதாக உறங்கவில்லை. பகலில் ஜாலான் ஈப்போவில் ஒரு நிறுவனத்தில் கணக்கு வேலை; அந்த நேரத்தில் பக்கத்து வீட்டு அத்தை அம்மாவைப் பார்த்துக்கொள்வார். மாலை ஆறரைக்கு வீடு திரும்பியதும் என்னுடைய இரண்டாவது வேலை தொடங்கிவிடும்.

ஒரு திங்கட்கிழமை காலை எல்ஆர்டி ரயிலில் நின்றுகொண்டிருந்தபோது நெஞ்சை யாரோ துணியைப் போல முறுக்கிப் பிழிவது போலிருந்தது. விரல் நுனிகள் மரத்துப்போயின, மூச்சு மேலேயே நின்றது. மாரடைப்பு என்றே முடிவு செய்துவிட்டேன். எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் இன்றிரவு அம்மாவை யார் புரட்டிப் படுக்க வைப்பார்கள் என்பதுதான் முதலில் எழுந்த எண்ணம். அந்த எண்ணத்தை இன்று நினைத்தாலும் கண் கலங்குகிறது, ஏனெனில் என்னைப் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை.

அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் ஒரு வெள்ளி (ரிங்கிட்) கட்டணம் கட்டி உட்கார்ந்தேன். இசிஜி எடுத்தார்கள், இதயத்தில் குறையொன்றும் இல்லை. மருத்துவர் அந்தத் தாளை ஓரமாக வைத்துவிட்டு, “எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள்?” என்று கேட்டார். பிறகு 21 கேள்விகள் கொண்ட ஒரு படிவத்தைக் கொடுத்தார். மனச்சோர்வு, பதற்றம், மன அழுத்தம் ஆகிய மூன்றுக்கும் ஏழேழு கேள்விகள். கடந்த ஒரு வாரத்தை நினைத்து ஒவ்வொன்றுக்கும் சுழியத்திலிருந்து மூன்று வரை மதிப்பெண் இட வேண்டும். ஓய்ந்து அமைதியடைவது கடினமாக இருந்ததா என்பதே முதல் கேள்வி. அதைப் படித்துவிட்டுப் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஓய்வது என்ற ஒன்று இருந்ததே எனக்கு மறந்துபோயிருந்தது. அந்தப் படிவம் நோயை உறுதி செய்வதில்லை, நிலைமை எந்த அளவில் இருக்கிறது என்பதைக் காட்டும் அளவுகோல் மட்டுமே என்று மருத்துவர் விளக்கினார். எனக்குப் பதற்றத்தின் மதிப்பெண்தான் மிக அதிகமாக இருந்தது.

யோகா, தியானம், மூலிகைத் தேநீர் என்று ஏதாவது எழுதித் தருவார் என எதிர்பார்த்தேன். அவரோ முதலில் உறக்கத்தைச் சரி செய்யுங்கள், மற்றவற்றைப் பிறகு பேசலாம் என்றார். பெரியவர்களுக்கு இரவில் குறைந்தது ஏழு மணி நேர உறக்கம் தேவை. எனக்குக் கிடைத்ததோ நான்கு மணி நேரம், அதுவும் துண்டு துண்டாக. உறக்கம் கெட்ட உடலுக்கு எந்தப் பயிற்சியும் ஒட்டாது என்பதை அனுபவித்த பிறகு உறுதியாகச் சொல்கிறேன். அதற்கு முன்பே காணொளி பார்த்து மூச்சுப் பயிற்சி செய்ய முயன்றிருக்கிறேன். கண்ணை மூடிய இரண்டாவது நிமிடத்தில் உட்கார்ந்தபடியே தூங்கி விழுவேன், அல்லது மார்பு இன்னும் படபடக்கும்.

எனவே நான் செய்ய வேண்டியிருந்த முதல் சுயபராமரிப்பு ஒரு தொலைபேசி அழைப்பு. தம்பி பூச்சோங்கில் இருக்கிறான். மாதம் தவறாமல் பணம் அனுப்புவான், பண்டிகைக்கு வருவான். அவனிடம் நான் எதையும் கேட்டதில்லை. கேட்பது என் பாசத்திற்கு இழுக்கு என்று நினைத்திருந்தேன். அன்று மாலை, “தம்பி, எனக்குப் பணம் குறையவில்லை, தூக்கம்தான் குறைகிறது” என்றேன். மறுமுனையில் சிறிது நேரம் பேச்சே இல்லை. பிறகு, “நீ சொன்னால்தானே அக்கா எனக்குத் தெரியும்” என்றான். அந்த வெள்ளிக்கிழமை இரவே பாயைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

நகைக்கடையில் கொடுத்த நாட்காட்டியை அம்மாவின் கட்டிலுக்கு எதிரே மாட்டினோம். வெள்ளி, சனி இரவுகளில் தம்பியின் பெயர், மற்ற நாட்களில் என் பெயர். உடற்பயிற்சிச் சிகிச்சைக்கு வந்த பெண் காற்று மெத்தை ஒன்றைப் பரிந்துரைத்தார். அது வந்த பிறகு, மருத்துவரைக் கேட்டுப் புரட்டும் இடைவெளியையும் நீட்டினோம். தம்பி வந்த முதல் இரவு நான் பத்து மணி நேரம் உறங்கினேன். எழுந்தபோது தலையணை நனைந்திருந்தது. உறக்கத்திலேயே அழுதிருக்கிறேன் போலும்.

அதற்குப் பிறகுதான் மற்றவை பலன் தந்தன. மருத்துவர் சொல்லித் தந்த மூச்சு மிக எளியது: நான்கு எண்ணும் வரை மூச்சை உள்ளே இழுத்து, ஆறு எண்ணும் வரை மெல்ல வெளியே விட வேண்டும். அப்படிச் செய்தால் ஒரு நிமிடத்திற்கு ஆறு மூச்சுதான் வரும். மூச்சை வெளியே விடும்போது மூளையிலிருந்து இதயத்துக்குச் செல்லும் வேகஸ் நரம்பின் வழியாக இதயத் துடிப்பு தணிகிறது. அதனால்தான் வெளிமூச்சை நீட்டச் சொல்கிறார்கள். இதை நம்ப மனமில்லாதவர்கள் மணிக்கட்டில் விரலை வைத்துப் பாருங்கள். உள்ளே இழுக்கும்போது நாடி சற்று விரைவதும் வெளியே விடும்போது தளர்வதும் விரலுக்கே தெரியும். அந்த வேறுபாட்டை முதன்முதலில் உணர்ந்தபோது, என் உடல் இன்னும் என் பேச்சைக் கேட்கிறது என்ற நம்பிக்கை வந்தது.

இரவு ஒன்பது மணிக் கோப்பியை நிறுத்தினேன். கோப்பியில் உள்ள கஃபீனில் பாதி குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும்; ஒன்பது மணிக்குக் குடித்தால் இரண்டு மணிக்கும் பாதி இரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும். நிறுத்திய முதல் வாரம் தலைவலி இருந்தது, பிறகு போய்விட்டது.

ஞாயிறு காலையில் தித்திவங்சா ஏரியைச் சுற்றி நடக்கிறேன். 1982 ஜனவரி முதல் தேதியன்று தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி வைத்ததால், நமக்குப் பெரும்பாலும் ஏழு மணிக்குப் பிறகே சூரியன் உதிக்கிறது. வேலை நாட்களில் இருட்டில் எழுந்து, இருட்டில் குளித்து, விடிவதற்குள் ரயிலேறி விடுகிறோம். காலை வெளிச்சம் முகத்தில் படுவதே இல்லை. உடலின் உள்கடிகாரத்தைச் சரி செய்வது அந்த வெளிச்சம்தான் என்பதால் ஞாயிற்றுக்கிழமை நடையை நான் விட்டுக்கொடுப்பதில்லை.

உங்களுக்கு நேர்ந்ததையும் எழுதுங்கள். குறிப்பாக, வீட்டில் நோயாளியை வைத்துக்கொண்டிருப்பவர்கள் தயங்காமல் எழுத வேண்டும்.

பட்டர்வொர்த்திலிருந்து

அக்கா எழுதியதை என் மனைவிதான் படித்துக் காட்டினார். நான் பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் தொழில்நுட்பராக இருக்கிறேன். பன்னிரண்டு மணி நேர ஷிப்டு. இரவு ஏழுக்குச் சென்றால் காலை ஏழுக்குத்தான் வெளியே வர முடியும். 13.5 கிலோமீட்டர் பினாங்குப் பாலத்தை மோட்டார் சைக்கிளில் கடந்து வீடு சேர்வேன்.

சென்ற ஆண்டு அந்தப் பாலத்தின் நடுவில் சில விநாடிகள் உறங்கிவிட்டேன். கண் திறந்திருந்தது, ஆனால் நான் அங்கே இல்லை. பின்னால் வந்த லாரியின் ஹாரன்தான் என்னை எழுப்பியது. ஓரமாக நிறுத்திவிட்டுக் கைப்பிடியை விட முடியாமல் நின்றேன். கைகள் அவ்வளவு நடுங்கின. அந்தக் காலத்தில் வீட்டிலும் நான் நல்ல மனிதனாக இல்லை. பகலில் உறங்கும்போது மகள் பாடம் படிக்கும் சத்தம் கேட்டால்கூடக் கத்துவேன். இரத்த அழுத்தம் 150க்கு மேல் நின்றது.

நான் செய்த மாற்றங்கள் சிறியவை. மோட்டார் சைக்கிளை விட்டுத் தொழிற்சாலைப் பேருந்துக்கு மாறினேன். பேருந்தில் ஏறியவுடன் கறுப்புக் கண்ணாடி அணிந்துகொள்கிறேன், ஏனெனில் காலை வெயில் கண்ணில் பட்டால் உறக்கத்திற்கான மெலடோனின் சுரப்பு அடங்கிவிடும். அக்காவுக்கு மருந்தாகும் அதே வெளிச்சம் இரவு ஷிப்டுக்காரனுக்கு எதிரி. அறைச் சன்னலுக்குத் தடித்த கறுப்புத் திரை போட்டோம். பகல் இரண்டு மணி வரை அந்தக் கதவைத் தட்டக் கூடாது என்று மகளிடம் சொன்னபோது, அவளே ஓர் அட்டையில் ‘அப்பா தூங்குகிறார்’ என்று எழுதி, பக்கத்தில் ஒரு நிலாவையும் வரைந்து ஒட்டினாள்.

ஓட்டி (கூடுதல் நேர வேலை) செய்வதைக் குறைத்தேன். 2023 ஜனவரி முதல் வார வேலை நேரம் 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைக்கப்பட்டிருக்கிறது. ஆனால் ஓட்டிப் பணத்தை நம்பிக் கடன் வாங்கியிருப்பவனுக்கு அந்தச் சட்டத்தால் ஓய்வு வந்துவிடாது. நாங்கள் காரின் மாதத் தவணை முடியும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இதை மறைத்துவிட்டு ஓய்வைப் பற்றிப் பேசினால் அது பொய்யாகிவிடும்.

விடுமுறை நாளில் குடும்பத்தோடு தண்ணீர்மலைக்குப் போகிறோம். பாலதண்டாயுதபாணி கோயிலின் 513 படிகளை முன்பு மூச்சிரைக்க ஏறி, கும்பிட்டுவிட்டு அவசரமாக இறங்குவேன். இப்போது மகளின் வேகத்தில் ஏறுகிறேன். அவள் எண்ணிக்கையை மறந்துவிட்டால் நின்று, இருவரும் மறுபடியும் எண்ணுகிறோம்.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து

நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். மனைவி காலமான ஆறாவது மாதத்தில், இனி இருந்து என்ன செய்யப் போகிறோம் என்ற எண்ணம் இரவுதோறும் வரத் தொடங்கியது. பிள்ளைகள் சிங்கப்பூரிலும் ஆஸ்திரேலியாவிலும் இருக்கிறார்கள். அவர்கள் அழைக்கும்போதெல்லாம் நலமாக இருக்கிறேன் என்றே சொன்னேன்.

ஓர் இரவு, மனம் தளர்ந்தவர்களின் பேச்சைத் தொலைபேசியில் கேட்கும் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் 03-7627 2929 என்ற எண்ணை அழைத்தேன். கோலாலம்பூரில் 1970 முதல் செயல்படும் அமைப்பு அது. நாள் முழுவதும் எந்நேரமும் அழைக்கலாம். எடுத்தவர் எனக்கு எந்த அறிவுரையும் சொல்லவில்லை. மனைவியைப் பற்றிக் கேட்டார். அவர் வைக்கும் மீன் குழம்பைப் பற்றி நான் ஏறத்தாழ கால் மணி நேரம் பேசினேன். முப்பத்து நான்கு ஆண்டுகள் வகுப்பறையில் பேசியவன் நான். அன்றைக்குத்தான் பேசிய பிறகு உடல் இலேசாக இருந்தது.

தற்கொலை முயற்சியை நம் நாட்டுச் சட்டம் குற்றமாகக் கருதி வந்தது, ஓராண்டு வரை சிறைத்தண்டனையும் இருந்தது. 2023இல் அந்தப் பிரிவு நீக்கப்பட்டது. சொன்னால் காவல்துறைக்குப் போய்விடுமோ என்று அஞ்சி இன்னும் வாய் திறவாதவர்கள் என் வயதில் பலர் இருப்பதால் இதை எழுதுகிறேன். சுகாதார அமைச்சின் 15555 என்ற மனநல உதவி எண்ணும் இருக்கிறது. அடுத்த வாரமே மூத்த மகளிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். இப்போது அவள் தினமும் என்னைப் பசியாறிவிட்டீர்களா என்று கேட்பதில்லை, எப்படி உறங்கினீர்கள் என்று கேட்கிறாள்.

ஜெலுத்தோங், பினாங்கிலிருந்து

ஐயா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு இப்போதுதான் அப்பாவை அழைத்துப் பேசினேன். நன்றி. அக்காவிடம் ஒரு கேள்வி. மன அழுத்தம் போக்கும் மூலிகைப் பொடி, எண்ணெய்ச் சிகிச்சை என்று 800 வெள்ளிக்கு ஒரு தொகுப்பு வாங்கச் சொல்லித் தோழி வற்புறுத்துகிறாள். எனக்கு இரத்த அழுத்த மாத்திரை உண்டு. வாங்கலாமா?

செந்தூலிலிருந்து மீண்டும்

தங்கையே, அவசரப்பட வேண்டாம். பொடியில் என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள். அதிமதுரம் இருந்தால் தொடாதீர்கள். அது உடலில் உப்பைத் தங்க வைத்து, பொட்டாசியத்தைக் குறைத்து, இரத்த அழுத்தத்தை ஏற்றிவிடும். பொருட்களின் பெயரைச் சொல்ல மறுப்பவரிடம் வாங்கவே வேண்டாம். பட்டியலை உங்கள் மருத்துவரிடமோ மருந்தாளரிடமோ காட்டுங்கள். பாரம்பரியச் சிகிச்சையை நான் குறைத்துப் பேசவில்லை. உங்கள் மாநிலத்தின் கெப்பாளா பத்தாஸ் மருத்துவமனையில்தான் 2007இல் அரசாங்கம் முதன்முதலாகப் பாரம்பரியச் சிகிச்சைப் பிரிவைத் தொடங்கியது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் இத்தகைய சிகிச்சையாளர்கள் பதிவு பெற வேண்டும் என்கிறது. பதிவு இருக்கிறதா என்று கேட்பதில் தவறில்லை.

எண்ணெய் வேண்டுமென்றால் நல்லெண்ணெய் போதும். வெள்ளிக்கிழமைகளில் அம்மாவுக்கு நான் தலையில் எண்ணெய் வைத்து, காதின் பின்புறத்திலிருந்து கழுத்துவரை விரலால் மெல்ல நீவி விடுவேன். சென்ற மாதம் ஒருநாள், போதும் என்று என் கையைப் பிடித்து நிறுத்தியவர், இடது கையால் கிண்ணத்தைத் தொட்டு என் உச்சியில் எண்ணெயை வைத்தார். கை நடுங்கியதில் பாதி நெற்றியில் வழிந்தது. துடைக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

ஆசிரியர் ஐயா, பிரிக்பீல்ட்ஸிலிருந்து தித்திவங்சாவுக்கு மோனோரயில் நேராக வருகிறது. ஞாயிறு காலை ஏழேகாலுக்கு நான் ஏரிக்கரையில் இருப்பேன். இந்த வாரம் சனி இரவு தம்பியின் முறை, ஆகவே நன்றாக உறங்கிவிட்டுத்தான் வருவேன்.