சென்னையில சௌரானுக்கு எத்தனை கண்?

மடிப்பாக்கத்தான்:
'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' கதையில வர்ற கொடுங்கோலன் சௌரான். அவனோட அடையாளமே இமையில்லாத ஒரு கண். நம்ம ஊரைப் பார்த்தா அதான் ஞாபகம் வருது. 2020ல சர்ஃப்ஷார்க்னு ஒரு விபிஎன் கம்பெனி போட்ட கணக்குல சதுர கிலோமீட்டருக்கு 657 சிசிடிவி கேமரா, உலக நகரங்கள்லயே சென்னைதான் முதலிடம். இதுல பெருமைப்பட என்ன இருக்கு?

டிவிஆர் தாஸ்:
ரிச்சி ஸ்ட்ரீட்ல வாங்கி வீடு வீடா மாட்டுறது நம்ம பொழப்பு. ஓவரா பில்டப் குடுக்காதீங்க சார். டிஸ்க் நிறைஞ்சா பழசு மேலயே எழுதிக்கும், யாரும் உக்காந்து பார்க்கிறதில்ல. ராத்திரி இன்ஃப்ராரெட் வெளிச்சத்துக்குப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும், லென்ஸ் முன்னாடியே வலை கட்டிடும். அந்த வலை வெளேர்னு ஒளிரும், பின்னாடி போற வண்டி நம்பர் ஒண்ணும் தெரியாது. ஒட்டடைக்குச்சி வர்ற வரைக்கும் உங்க சௌரான் குருடன்தான்.

மீனா பெரம்பூர்:
விடியக்காலையில வாசல்ல கோலம் போடுறவங்ககிட்ட கேட்டுப் பாருங்க. எங்கம்மா செயினை அறுத்துட்டுப் போனப்ப தெருவுல கேமரா கிடையாது. "சட்டை என்ன கலர்மா"ன்னு கேட்டு எழுதிக்கிட்டாங்க, அதோட சரி. இப்போ கடை கடையா ஃபுட்டேஜ் எடுத்து, பைக் எந்தச் சந்துல திரும்புச்சுன்னு கோத்துக்கிட்டே போய்ப் பிடிக்கிறாங்க. பயம் யாருக்கு? தப்பு பண்றவனுக்குத்தானே?

கடைசிபெஞ்ச்:
இந்திரனுக்கு உடம்பெல்லாம் ஆயிரம் கண் வந்தது கௌதமர் சாபத்தாலதான். அடுத்தவர் வீட்டுக்குள்ள திருட்டுத்தனமா புகுந்ததுக்குத் தண்டனை. இப்போ அந்தக் கண்ணுக்கு டெண்டர் விடுறாங்க 😂

மடிப்பாக்கத்தான்:
மீனா மேடம், அதே கதையில பலாந்திர்னு ஒரு கல்லு வரும். தூரத்துல நடக்கிறதைக் காட்டும். (2003ல அமெரிக்காவுல ஆரம்பிச்ச டேட்டா கம்பெனி இந்தப் பேரைத்தான் வச்சுக்கிச்சு. கதையைக் கடைசி வரைக்கும் படிச்சாங்களான்னு எனக்கு டவுட்டு.) நல்லவங்க பக்கத்து ஆளான பிப்பின் தெரியாத்தனமா அந்தக் கல்லைப் பார்த்துடுவான். எதிர்ப்பக்கத்துல இன்னொரு கல்லு வழியா சௌரானும் அவனைப் பார்த்துடுவான். முகம் தெளிவா தெரியும். ஆனா பிப்பின் சருமான்ங்கிற மந்திரவாதிகிட்ட கைதியா இருக்கான்னு சௌரான் தப்பா முடிவு கட்டிடுவான். கல்லு பொய் சொல்லல, பார்த்தவன் கணக்குதான் தப்பு. முகத்தை வச்சு ஆளைக் கண்டுபிடிக்கிற சாஃப்ட்வேரும் அப்படித்தான். "இவர்தான்"னு அது சொல்லாது, "இவ்வளவு ஒத்துப்போகுது"ன்னு ஒரு மார்க் போடும். டெல்லி போலீஸ் 80 சதவீதத்துக்கு மேல வந்தாலே மேட்ச்னு எடுத்துக்கிறதா 2022ல ஆர்டிஐ பதில்ல சொன்னாங்க.

மீனா பெரம்பூர்:
மேட்ச் வந்தா நேரா தூக்கி உள்ள வச்சுடுவாங்களா? அதுக்கப்புறம் விசாரணைன்னு ஒண்ணு இருக்கு சார். கதையைச் சொல்லி பயமுறுத்தாதீங்க.

மடிப்பாக்கத்தான்:
சரி, நிஜத்துக்கே வர்றேன். 2024 மே மாசம் தமிழ்நாடு போலீஸோட முக அடையாள போர்ட்டலுக்குள்ளயே ஹேக்கர் புகுந்தது நியூஸ்ல வந்துச்சு. அதுக்கு முன்னாடி 2020, அப்பாவும் மகனும் போலீஸ் அடிச்சு செத்த சாத்தான்குளம் கேஸ். ஸ்டேஷன் டிஸ்க்ல 1 டிபி இடம் இருந்தும், பதிவு தினமும் தானா அழியிற மாதிரி செட் பண்ணியிருந்ததா மாஜிஸ்திரேட் ஹைகோர்ட்டுக்கு ரிப்போர்ட் குடுத்தார். நம்மளைப் பார்க்கிற கண்ணு தூங்காது. அவங்களைப் பார்க்கிற கண்ணு மட்டும் நேரம் பார்த்து மூடிக்கும்.

மீனா பெரம்பூர்:
அப்போ அங்க கேமரா ஒழுங்கா ஓடியிருக்கணும்னுதானே நீங்களும் சொல்றீங்க? அந்த வருஷம் டிசம்பர்லயே சுப்ரீம் கோர்ட், எல்லா ஸ்டேஷன்லயும் கேமரா வைக்கணும், பதிவை 18 மாசம் வச்சிருக்கணும்னு சொல்லிடுச்சு. கேமராவைத் திட்டிட்டு அதே கேமராவைச் சாட்சிக்கும் கூப்பிடுறீங்க.

மடிப்பாக்கத்தான்:
கேமராவைத் திட்டல மேடம். அழிக்கிற பட்டன் யார் கையில இருக்குன்னுதான் கேக்கறேன்.

டிவிஆர் தாஸ்:
பட்டனா? அட போங்க சார். மாட்டி முடிச்சதும் பாஸ்வேர்டை மாத்துங்கன்னு சொல்லிட்டுத்தான் வருவேன். அடுத்த சர்வீஸுக்குப் போனா அதே அட்மின் 1234 இருக்கும். வாட்ச்மேன் போன், செக்ரட்டரி போன், செக்ரட்டரி மச்சான் போன், எல்லாத்துலயும் லைவ் ஓடிக்கிட்டிருக்கும். மீனாம்மா, உங்க அசோசியேஷன்ல முதல்ல அதை விசாரிங்க.

மீனா பெரம்பூர்:
கேட்டுட்டேன் அண்ணா. வாட்ஸப் குரூப்ல எல்லாருக்கும் ப்ளூ டிக் விழுந்திருக்கு, ஒருத்தரும் வாயைத் திறக்கல. ஆனா கேமராவைக் கழட்ட மட்டும் விடமாட்டேன்.